கிராமத்து ரயில் நிலையம்: என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

சின்ன ஊர் ரயில் நிலையங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் குழாயில் தண்ணீர் வருவதில்லை, பொழுது சாய்ந்தால் நடைமேடை இருட்டாகக் கிடக்கிறது, கருவேல முள் பெஞ்சு வரை வந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் 'ரயில்வேக்காரங்க கண்டுக்கவே மாட்டாங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் ஊர் ஹால்ட்டைப் (ரயில் நின்று போகும் மிகச் சின்ன நிலையம்) பற்றி நாங்களும் பல வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் குறைகளில் பாதிக்கு மேல் ரயில்வே தன் சொந்த விதிப்படியே சரிசெய்ய வேண்டியவை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் உங்கள் நிலையம் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். 2017இல் மாற்றிய முறைப்படி நிலையங்கள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. புறநகர் சேவை இல்லாத நிலையங்கள் என்.எஸ்.ஜி. 1 முதல் 6 வரை, புறநகர் நிலையங்கள் எஸ்.ஜி. 1 முதல் 3 வரை, ஹால்ட்டுகள் எச்.ஜி. 1 முதல் 3 வரை. ஆண்டு வருமானத்தையும் அங்கிருந்து ரயில் ஏறுபவர்களின் எண்ணிக்கையையும் வைத்து வகை தீர்மானமாகிறது. வருமானம் 1 கோடி ரூபாய்க்குள், பயணிகள் 10 லட்சத்துக்குள் என்றால் என்.எஸ்.ஜி. 6. ஹால்ட்டில் 5 லட்சம் ரூபாய், 1 லட்சம் பயணிகள் என்ற அளவுக்குள் இருந்தால் கடைசிப் படியான எச்.ஜி. 3. கிராமத்து நிலையங்கள் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படிகளில்தான் இருக்கின்றன. நிலைய அதிகாரியைக் கேட்டாலே வகையைச் சொல்லிவிடுவார்.

வகையை ஏன் கேட்க வேண்டும் என்றால், 'குறைந்தபட்ச அத்தியாவசிய வசதிகள்' என்று ரயில்வே வாரியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டிக்கெட் வழங்கும் வசதி, குடிநீர், உட்கார இடம், நிழல், விளக்கு, கழிப்பறை, கால அட்டவணைப் பலகை என்று எந்த வகை நிலையத்தில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஹால்ட்டில் கூரைக்குப் பதிலாக நிழல் தரும் மரங்கள் இருந்தாலும் போதும் என்று அந்தப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. வேம்போ புங்கனோ இருந்த இடத்தில் வெட்டிவிட்டுப் புதிதாக எதையும் வைக்கவில்லை என்றால், பட்டியலில் உள்ள ஒன்று காணாமல் போய்விட்டது என்றே எழுதலாம். அதேபோல இரவில் ரயில் நிற்கும் ஹால்ட்டுக்கு விளக்கு வேண்டும். உயர நடைமேடை மட்டும் ஹால்ட்டுகளுக்குக் கட்டாயம் இல்லை. தரைமட்டத்திலிருந்து பெட்டிப் படியைப் பிடித்துத் தொங்கி ஏறும் முதியவர்களைப் பார்த்தால் இந்த விதியை மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ரயில் நிலையங்களையும் அவர்கள் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்கிறது. நடைமேடையை உயர்த்தக் கேட்கும்போது இந்தச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள்.

சரி, யாருக்கு எழுதுவது? நிலையத்தில் இருப்பவர் ரயில் போக்குவரத்தைக் கவனிக்கும் வேலையைப் பார்ப்பவர். கட்டடம், மின்சாரம், சுத்தம் எல்லாம் வேறு வேறு பிரிவுகளின் பொறுப்பு. இவை அத்தனையும் ஒன்றாகச் சேரும் இடம் கோட்ட ரயில்வே மேலாளர், அதாவது டி.ஆர்.எம். அலுவலகம். தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள். மாவட்ட எல்லையும் கோட்ட எல்லையும் ஒன்றல்ல. பொள்ளாச்சி பாலக்காடு கோட்டத்தில் இருக்கிறது, நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில். தர்மபுரியும் ஓசூரும் தெற்கு ரயில்வேயிலேயே இல்லை. தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகின்றன. கோட்டம் மாறிப் போன மனு எத்தனை மாதம் அலைந்தாலும் பதில் வராமல் கிடக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர், விளக்கு, குப்பை போன்ற அன்றாடக் குறைகளுக்கு 139 என்ற எண் அல்லது ரயில்மதத் செயலி போதும். புகாருக்கு ஒரு எண் கொடுப்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கூரை, கூடுதல் குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்குக் கோட்டத்துக்கு எழுத்தில் மனு தர வேண்டும். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, அதன் உறுப்பினர் மூலம் கோரிக்கையைக் கூட்டத்தில் வைக்கலாம். நிலையத்துக்குப் போகும் சாலை ரயில்வே எல்லைக்கு வெளியே இருந்தால் அது பெரும்பாலும் ஊராட்சியின் வேலை. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ரயில்வேக்குக் கொடுக்கும் மனுவோடும் அந்தத் தீர்மான நகலை வைத்தால் அது தனி ஆளின் கோரிக்கையாக இருக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ரயில்வேயின் கண்ணில் நம்ம ஊர் என்பது அங்கே விற்ற டிக்கெட். நூறு பேர் ஏறினாலும் பத்து டிக்கெட் விற்றால் பத்துப் பேர் ஏறும் ஊர்தான். சீசன் டிக்கெட்டை டவுன் நிலையத்தில் எடுத்தால் அந்த விற்பனை டவுன் கணக்கில் போய்விடும். 2024 பிப்ரவரியில் சாதாரண ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. அந்தப் பத்து ரூபாய் டிக்கெட்டை நம்ம ஊர் கவுண்டரிலேயே வாங்குவது ஊருக்குச் செய்யும் உதவி என்றே நினைக்கிறேன்.

ஹால்ட்டுகளில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே டிக்கெட் விற்பவர் பெரும்பாலும் ரயில்வே ஊழியர் இல்லை, கமிஷனுக்கு வேலை செய்யும் ஹால்ட் ஏஜென்ட். சின்ன ஊரில் கமிஷன் கைக்கும் வாய்க்கும் போதாது, அவர் விட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த ஆள் வரும்வரை விற்பனை பூஜ்யம். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு, ஊரில் யாரும் ரயில் ஏறுவதே இல்லை என்றுதான் தெரியும். ஆகவே ஏஜென்ட் இல்லாத நிலை வந்தால் உடனே கோட்டத்தின் வணிகப் பிரிவுக்கு எழுதி, புது அறிவிப்பு வெளியிடச் சொல்லுங்கள். உள்ளூரில் பத்தாம் வகுப்பு முடித்த யாரையாவது விண்ணப்பிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

டிக்கெட் விற்க ஆளே இல்லாத நாளில் என்ன செய்வது? போன் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே ரயில்ஒன் செயலியில் எடுத்துவிடலாம். போன் இல்லாதவர்களுக்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 55ஆவது பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. கார்டிடம் (இப்போது பதவிப் பெயர் ட்ரெயின் மேனேஜர்) சொல்லி அனுமதி வாங்கி ஏறினால், பிறகு கட்டணம் செலுத்துவதாக ஒரு சான்று தருவார். அந்தச் சான்று கையில் இருந்தால் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். இல்லையென்றால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். ஒரு நிமிடம் நிற்கும் ரயிலில் கடைசிப் பெட்டி வரை ஓடுவது கஷ்டம்தான், அதனால் ஏறும்போதே அந்தப் பக்கமாக நில்லுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பல சின்ன நிலையங்களில் நிறுத்தம் போய்விட்டது. திரும்பக் கேட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குச் சோதனை நிறுத்தம் தருவார்கள், அதன்பின் டிக்கெட் விற்பனையைப் பார்த்துத் தொடர்வார்கள். அந்த ஆறு மாதத்தில் ஊர் சும்மா இருந்துவிடக் கூடாது. தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் நெகொண்டா என்ற ஊரில், கிடைத்த நிறுத்தம் கைவிட்டுப் போகாமல் இருக்க மக்கள் பணம் சேர்த்துத் தினமும் டிக்கெட் வாங்கினார்கள். பயணம் செய்யாமலே வாங்கினார்கள் என்பது ஒருபக்கம் வருத்தம் தருகிறது. ஊர் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததே!

பணத்துக்கு வருவோம். பயணிகள் வசதி வேலைகளுக்கு ரயில்வே கணக்கில் 53ஆம் திட்டத் தலைப்பு என்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க 1,300க்கும் மேற்பட்ட நிலையங்கள், தமிழ்நாட்டில் 77. சாமல்பட்டி, போளூர் போன்ற சிறு நிலையங்களும் அதில் சீராகி 2025 மே 22 அன்று திறக்கப்பட்டன. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் எம்.பி.யிடம் போகலாம். அவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, நிலைய வசதிகளுக்கும் அதிலிருந்து பரிந்துரைக்கலாம்.

எங்குமே பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் வசதி இல்லை' என்று கேட்டால் சுற்றிவளைத்த பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் நிலையத்தின் வகை என்ன, அந்த வகைக்கான குறைந்தபட்ச வசதிகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை, கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக விற்ற டிக்கெட் எவ்வளவு, டிக்கெட் விற்க ஆள் இல்லாத நாட்கள் எத்தனை. கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.