பெற்றோல் பிக்கப்பில் டீசல் எஞ்சின்: பிரேக்கை யார் பார்த்தது?

மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா தன் பழைய ஹைலக்ஸ் சிங்கிள் கெப்பை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். மீன்பெட்டி ஏற்றும் வண்டி. பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு, டொயோட்டாவின் எல் வரிசையில் ‘2எல்’ என்ற டீசல் எஞ்சின் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. “எஞ்சின் நல்லாத்தான் இழுக்குது தம்பி. பிரேக்கை மட்டும் ஒருக்காப் பாருங்க. மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது” என்றார். முந்தின நாள் ஐஸும் மீனுமாகத் திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு காலாலும் மிதித்துத்தான் நிறுத்தியிருக்கிறார். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தளர்ந்துபோனது.

பொனட்டைத் திறந்தேன். பிரேக் பூஸ்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாய், எஞ்சினுக்குள் காற்றுப் போகும் மெனிஃபோல்டில் சொருகியிருந்தது. பெற்றோல் எஞ்சினில் எப்படி இருந்ததோ அப்படியே. பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்டர்நேட்டரும் பழைய பெற்றோல் எஞ்சினுடையதுதான். டீசல் எஞ்சினோடு வந்தது பழுதாம். வேலை செய்தவர் கழற்றி வீசிவிட்டு, கையில் இருந்ததைப் பூட்டியிருக்கிறார்.

இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ளுங்கள். பெற்றோல் எஞ்சினில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழியில் உள்ள தட்டு மூடிக்கொள்ளும். எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச மெனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம்தான் பூஸ்டர் வழியாக உங்கள் காலுக்குத் துணையாக பிரேக்கை அழுத்துகிறது. இந்த வகை டீசல் எஞ்சினில் அப்படி மூடும் தட்டு இல்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பம்ப் விடும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும். ஆகவே மெனிஃபோல்டில் பிரேக்குக்குப் போதுமான வெற்றிடம் கிடையாது. அதற்காகத்தான் கம்பனிக்காரன் ஓல்டர்நேட்டரின் பின்பக்கத்தில் ஒரு வக்யூம் பம்பை வைத்தே அனுப்புகிறான். ஓல்டர்நேட்டரை மாற்றினால் பம்பும் போய்விடும். வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டும்போது கால் பழகிவிடும்; ஆயிரம் கிலோ ஏற்றி இறக்கத்தில் வரும்போதுதான் உண்மை தெரியும்.

உங்கள் வண்டியில் இதைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தரம் மிதியுங்கள். பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். கொஞ்ச நேரத்தில் பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் சரியாகப் போகவில்லை. அந்த வண்டியைச் சுமையோடு ரோட்டில் இறக்காதீர்கள்.

இந்த மாற்றத்தை ஏன் செய்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திறந்தபோதும் விலை நம்மவர் கைக்கு எட்டவில்லை. 2022 வரிசைகளில் இரவிரவாக நின்றவர்களுக்கு எரிபொருள் என்றாலே இன்னும் நெஞ்சு பதறும். இருக்கிற வண்டியையே டீசலாக்கலாம் என்று நினைப்பதில் பிழையில்லை. ஆனால் உங்கள் ஓட்டத்தை முதலில் எழுதிப் பாருங்கள். பெற்றோலில் லீற்றருக்கு 8 கிலோமீற்றரும் டீசலில் 11 கிலோமீற்றரும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தம்புள்ளைக்கு மரக்கறி ஓட்டம் ஓடி மாதம் 4400 கிலோமீற்றர் போகிறவருக்கு 550 லீற்றர் 400 ஆகக் குறையும். நிலாவெளிக்கும் டவுனுக்கும் இடையே மாதம் 440 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மிச்சம் 15 லீற்றர்தான். 2015 தொடக்கத்தில் பெற்றோல் 117 ரூபாய், டீசல் 95 ரூபாய். அந்தக் காலத்துக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பலர் இன்றும் வருகிறார்கள். இன்றைய விலையைப் போட்டுப் பார்த்தபின் வாருங்கள். குறைந்த ஓட்டக்காரருக்கு இருக்கிற பெற்றோல் எஞ்சினையே நன்றாகச் செய்துகொள்ளத்தான் நான் சொல்வேன்.

மாற்றுவது என்றே முடிவு செய்தால், உங்கள் பிக்கப்புக்குக் கம்பனியே எந்த டீசல் எஞ்சின் போட்டதோ அதைத் தேடுங்கள். ஹைலக்ஸுக்கு எல் வரிசை, டட்சன் 720க்கு எஸ்டி வரிசை. எஞ்சினை மட்டும் வாங்காமல் கியர் பொக்ஸ், பிளைவீல், கிளட்ச், ரேடியேட்டர், ஓல்டர்நேட்டர் என்று முழு செட்டாக எடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகக் கடைகளில் ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு என்று சேர்த்தவர்கள் கடைசியில் லேத்துக்காரருக்குக் கொடுத்த காசு செட்டின் விலையைத் தாண்டிய கதை என் கராஜிலேயே நடந்தது. லொறியிலிருந்து கழற்றிய இசுசு 4ஜேபி1 டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைத்தால், அதன் ஸ்டார்ட்டரும் ஹீட்டர் பிளக்கும் 24 வோல்ட்டா என்று பாருங்கள். உங்கள் வண்டி 12 வோல்ட்.

எஞ்சினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல் கம்ப்ரஷனையும், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தையும், அளக்கச் சொல்லுங்கள். 2எல் எஞ்சினுக்குப் புதிதில் சதுர சென்டிமீற்றருக்கு 32 கிலோ அளவில் காட்டும்; 20க்குக் கீழே வந்தால் வேண்டாம். எல் வரிசைக்கு, வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் ஓட்டும் டைமிங் பெல்ட் உண்டு. வெளியிலிருந்து வந்த எஞ்சினின் பெல்ட்டுக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் வெளியில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது: உப்புக்காற்று. கடற்கரையில் நின்ற வண்டியின் அடிச்சட்டமான செசியை வெளியில் பார்த்தால் பெயின்ட் மினுங்கும். எஞ்சின் மவுண்டிங் வரும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுவேன். நல்ல இரும்பு மணி போலக் கேட்கும். துருப்பிடித்தது ‘டப்’ என்று செத்த சத்தம் தரும். சில நேரம் தகடு தகடாகக் கையில் வரும். டீசல் எஞ்சின் பாரமும் கூட, குலுக்கலும் கூட. அந்த இடத்தில் புது மவுண்டிங்கை வெல்ட் பண்ணித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். முதலில் செசி வேலை, அப்புறம் எஞ்சின்.

பின் அச்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோல் பிக்கப்பின் பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுண் பினியனின் விகிதம் 4.3க்கு 1 அளவில் இருந்தால், நாலாம் கியரில் 80இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 தரம் சுற்றும், 100இல் 3500. பெற்றோலுக்கு அது சாதாரணம். பழைய டீசலுக்கு அது கத்திக்கொண்டே ஓடுவது. ஹபரணை ரோட்டில் வெயிலில் ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால், பழைய ரேடியேட்டரோடு 2எல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழவும் வாய்ப்பு உண்டு. ஐந்தாம் கியர் உள்ள பொக்ஸ் போடுவது நல்லது.

டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் டீசல் ஊற்றாதீர்கள். அடியில் படிந்த அழுக்கும் தண்ணீரும் நேரே பம்புக்குத்தான் போகும். தண்ணீர் பிரிக்கும் பில்டரும், மிச்ச டீசல் திரும்பி வரும் லைனும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாகப் புத்தகம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டையும் மாற்றியாக வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள், விபத்து நடந்தபின் ‘இது எங்கள் பத்திரத்தில் உள்ள எஞ்சின் இல்லை’ என்று அவர்கள் சொன்னால் பதில் இருக்காது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையும் வேறு மாதிரி. டீசலுக்கு அக்சிலரேட்டரைக் கடைசிவரை பல தரம் மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பழைய டைமிங் பெல்ட்டோடு அங்கே போய் நிற்காதீர்கள். எஞ்சின் வாங்கும் அன்றே இலக்கம் எழுதிய பில்லையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

நானாவின் வண்டிக்கு பம்போடு சேர்ந்த ஓல்டர்நேட்டர் தேடிப் போட்டோம். அந்தப் பம்புக்கு ஒயில் போகும் லைனையும் புதிதாக இழுத்தோம். பெடல் இப்போது இறங்குகிறது. புத்தகத்தில் மட்டும் இன்னும் பெற்றோல் என்றே இருக்கிறது; எஞ்சின் விற்றவரிடம் பில்லுக்காக மூன்றாம் தரமும் போய்வந்துவிட்டார்.