அழுகினால்தான் விதை

பர்மியர்கள் தக்காளியைக் 'கயாஞ்ஜின்தீ' என்பார்கள். 'கயான்தீ' என்றால் கத்தரிக்காய். ஆக இது புளிப்புக் கத்தரி. தாவரவியலிலும் இரண்டும் ஒரே குடும்பம்தான்.

பர்மாவில் பெகு ஊர்ப் பக்கம் எங்கள் பெரியம்மா, மழை விட்டுத் தீபாவளி நெருங்கும்போது நாற்று விடுவார். விதை கடையில் வாங்கியதே இல்லை. செடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்ட பழத்தைச் சட்டியில் பிழிந்து, துணி கட்டி மூலையில் வைத்துவிடுவார். இரண்டாம் நாள் வாடை ஆளைத் தூக்கும். மேலே வெள்ளையாகப் பூசணம் படரும். "இன்னும் ஒருநாள் கிடக்கட்டும்டா" என்பார்.

பழத்துக்குள் ஈரம் உண்டு, வெதுவெதுப்பு உண்டு. பிறகு ஏன் விதை அங்கேயே முளைப்பதில்லை? சுற்றியிருக்கும் வழவழப்பான கூழும் பழச்சாறும்தான் காரணம். சாற்றின் அடர்த்தி விதை தண்ணீர் குடிப்பதைத் தடுக்கும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் முளையை உறங்கவைக்கும். நாள்பட்ட பழத்தில் இந்தக் காவல் தளர்ந்துவிடும். ஒருமுறை அப்படியொரு பழத்தை அரிந்து, உள்ளே வெள்ளையாக நெளிந்ததைப் புழு என்று வீசியெறிந்தேன். அத்தனையும் முளை!

சட்டியில் நடப்பது நொதித்தல். நுண்ணுயிர்கள் அந்தக் கூழைக் கரைத்துவிடும். விதையில் ஒட்டியிருக்கும் சில நோய்க்கிருமிகளும் குறையும். மூன்று நாளுக்கு மேல் விட்டால் சட்டியிலேயே முளைக்கத் தொடங்கலாம். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். பெரியம்மா அதை விறகடுப்புச் சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி நிழலில் வைப்பார். சாம்பல் ஈரத்தை இழுக்கும், விதைகளும் ஒட்டிக்கொள்ளாது. நான் கெட்டிக்காரத்தனமாகக் காகிதத்தில் காயவைத்து, பிய்த்தெடுக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினேன்.

தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து சூல்தண்டைக் குழாய்போல மூடியிருக்கும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் நாட்டுத் தக்காளியின் பிள்ளை தாயைப் போலவே வரும். இரண்டு ரகங்களைக் கலந்த வீரிய ஒட்டுரகத்தின் விதையைப் போட்டால் செடிக்கொரு குணம்.

மழைக்குப் பிந்திய பட்டத்துக்கும் காரணம் உண்டு. இரவிலும் புழுக்கம் அடங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது பாதித் தண்டு மண்ணுக்குள் போகவேண்டும். சில நாள் கழித்துத் தோண்டிப் பாருங்கள்: புதைந்த தண்டைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புதுவேர் நீட்டியிருக்கும்.