மார்ஜோரி லீ பிரவுனும் சுழற்சிகளின் கணிதமும்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கணிதத் துறை, மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளையொட்டி ஆண்டுதோறும் மார்ஜோரி லீ பிரவுன் பெயரில் ஒரு சொற்பொழிவு நடத்துகிறது. 1950-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கணிதத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர். பேச வருபவர் தன் ஆய்வோடு, அறிவியலில் எல்லாருக்கும் இடம் கிடைப்பது பற்றியும் பேசுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் பிரவுன் பட்ட பாடு நினைவில் நின்று, அவர் செய்த கணிதம் மறந்துபோகக் கூடாது. அவருடைய ஆய்வேடு 'ஒற்றைத் துணையலகு உட்குலங்கள்' பற்றியது.

பெயர்தான் மிரட்டும். கணிதத்தில் குலம் என்பது, சுழற்சிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திரும்ப மாற்றவும் கூடிய செயல்களின் தொகுப்பு. அதற்குள் அடங்கிய சிறு குலம்தான் உட்குலம். மேசையில் ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரியப் படுக்க வையுங்கள். படுத்தபடியே வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, பிறகு எதிர்முனையைத் தூக்கி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும், எழுத்துகள் சாய்ந்திருக்கும். இப்போது வரிசையை மாற்றி, முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகு திருப்புங்கள். எழுத்துகள் நேராக நிற்கும், அட்டையோ பக்கவாட்டில் பார்க்கும். 2 × 3, 3 × 2 இரண்டும் ஒன்றுதான். சுழற்சிகளில் அப்படி இல்லை.

இந்தச் சிக்கலுக்குள் எளிய பாதைகளும் உண்டு. ஒரே அச்சைப் பிடித்துக்கொண்டால் 30 பாகையும் 40 பாகையும் எந்த வரிசையிலும் 70 பாகைதான். கோணம் என்ற ஒரே எண் போதும். அதுதான் ஒற்றைத் துணையலகு. அந்த அச்சைச் சுற்றிய சுழற்சிகளின் பாதைதான் உட்குலம். இன்னும் அழகு என்னவென்றால், புறப்படும் கணத்தின் திசையும் வேகமும் தெரிந்தால் முழுப் பாதையும் தெரிந்துவிடும். பெரிய சுழற்சி என்பது அதே சின்னச் சுழற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதுதானே! முப்பரிமாணத்தில் எந்தச் சுழற்சியும் இப்படி ஏதோ ஒரு பாதையில் அமைந்துவிடும்.

சுழற்சிகளை அணிகளாக, அதாவது எண்களின் சதுர அட்டவணைகளாக, எழுதலாம். ஆனால் எல்லா அணிக் குலங்களிலும் இது நடக்காது. மூலைவிட்டத்தில் -2, -1/2, மற்ற இடங்களில் 0 கொண்ட 2 × 2 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணிக்கோவை 1. அதனால் அணிக்கோவை 1 ஆன மெய்யெண் அணிகளின் குலத்தில் அது சேரும். அது ஒரு பாதையில் இருந்தால், பாதி வழியில் அதன் வர்க்கமூலம் இருந்தாக வேண்டும். மெய்யெண்களில் அப்படி ஓர் அணி கிடையாது. எந்தக் குலத்தில் இந்தப் பாதைகள் எப்படி அமைகின்றன என்பதுதான் பிரவுன் இறங்கிய களம்.

பிறகு வட கரோலினாவின் டர்ஹாமில், கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரியில் சுமார் 30 ஆண்டுகள் கற்பித்தார். 1960-இல் ஐபிஎம் நிறுவனத்திடம் 60,000 டாலர் நிதி பெற்று அங்கே கணினி மையமும் அமைத்தார்.