35 லட்சத்தில் ஒன்று: 5 சிக்மா எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

2015 டிசம்பரில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் இரண்டுமே தங்கள் தரவு வரைபடத்தில் ஒரு மேட்டைக் காட்டின. புரோட்டான் மோதல்களில் பிறக்கும் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடிகள், 750 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அருகே எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இருந்தன. புதிய துகளாக இருக்குமோ என்று கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேட்டைக் காணோம். அது தற்செயல், அவ்வளவுதான்.

இதற்குத்தான் துகள் இயற்பியலில் 5 சிக்மா என்ற வேலி. தரவு எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, வழக்கமான ஏற்ற இறக்கத்தை அளவுகோலாக வைத்துச் சொல்லும் அலகுதான் சிக்மா. புதிய துகளே இல்லை என்று வைத்துக்கொண்டு, வெறும் ஏற்ற இறக்கத்தால் இந்த அளவு மேடு தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். 3 சிக்மா என்றால் சுமார் 740-ல் ஒன்று. 5 சிக்மா என்றால் சுமார் 35 லட்சத்தில் ஒன்று. அதைத் தாண்டினால்தான் ‘கண்டுபிடிப்பு’. அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகள், 2012 ஜூலை 4 அன்று அப்படித்தான் அறிவிக்கப்பட்டது.

இதை ‘ஹிக்ஸ் இல்லாமலிருக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்’ என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். அது தவறு. துகள் இல்லையென்றால் மேடு வர எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி; மேடு வந்துவிட்டது, துகள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. சிக்மா முதல் கேள்விக்கு மட்டுமே பதில்.

எங்கே தேடினோம் என்பதும் முக்கியம். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு லாட்டரி விழுவது அபூர்வம். யாருக்காவது விழுவது அபூர்வமே இல்லை. 750-ல் அட்லஸ் கண்டது அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 3.6 சிக்மா. தேடிய பரப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் சுமார் 2 தான்.

இரண்டாவது கேள்விக்குப் பேய்சியன் முறை வேண்டும். தரவைப் பார்க்கும் முன்பே துகளுக்கு எவ்வளவு வாய்ப்பு தருகிறோம் என்று அது கேட்கும். அப்புறம், துகள் உண்டு, இல்லை என்ற இரு கருதுகோள்களில் எது தரவை எத்தனை மடங்கு நன்றாக விளக்குகிறது என்று பார்க்கும். அந்த முதல் எண்ணை, அதாவது முன்நம்பிக்கையை, யார் தருவது? இதில்தான் சண்டை. ஹிக்ஸ் அறிவிப்புக்குப் பின், பேய்சியன் புள்ளியியலின் மூத்தவரான டெனிஸ் லிண்ட்லி, ஏன் இவ்வளவு கடுமையான 5 சிக்மா என்று விளக்கம் கேட்டார். நியாயமான கேள்வி. என் பார்வையில், பேய்சியனின் முன்நம்பிக்கையை இயற்பியலாளர்கள் அந்த 5-க்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடும் இடங்களின் எண்ணிக்கை, கண்ணில் படாத கருவிப் பிழை பற்றிய பயம் இரண்டும் கூடவே இருக்கின்றன.

2011 செப்டம்பரில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. செர்னிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வுக்கூடத்துக்கு நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஓபெரா குழு சொன்னது. 6 சிக்மா! ஆனாலும் பெரும்பாலான இயற்பியலாளர்கள் நம்பவில்லை. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்கு அவர்கள் கொடுத்திருந்த முன்நம்பிக்கை அவ்வளவு. ஒரு ஃபைபர் கேபிள் சரியாகச் செருகப்படாததுதான் முக்கியக் காரணம் என்பது 2012-ல் தெரிந்தது.