எடைச்சீட்டு தப்பானா எல்லாமே தப்பு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சின்ன தேயிலை பேக்டரிகளுக்கு கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து அதைப் பாத்துக்கறதுதான் என் வேலை. டேட்டா குவாலிட்டி, அதாவது பதிஞ்சு வச்ச விவரம் சரியா இருக்கறதுனு சொன்னா ஏதோ பெங்களூர் ஐடி கம்பெனி சமாச்சாரம்னு நெனைக்கறாங்க, ஆனா 40 சென்ட் தோட்டம் வச்சிருக்கறவருக்கு மாசக் காசு சரியா வருதா வரலையாங்கறது இதுலதான் இருக்கு.

ஒரு ஐப்பசி மழையில, ஒரு பேக்டரி ஆபீஸ்ல உக்காந்திருந்தப்ப வயசான அம்மா ஒருத்தங்க வந்தாங்க. பேக்டரிக்கு இலை போட்டப்ப குடுத்த எடைச்சீட்டு எல்லாத்தையும் பால் கவர்ல சுத்தி மடியில வச்சிருந்தாங்க. "ரெண்டு மாசமா காசு ஏறல தம்பி, பாஸ்புக்கைப் பாரு"ன்னாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா ரெண்டு மாசமும் பணம் போயிடுச்சுன்னு காட்டுது. சாயங்காலம் வரைக்கும் தோண்டினதுல தெரிஞ்சது, இலை போடற மெம்பருங்க லிஸ்ட்ல ஆர். லட்சுமினு மூணு பேர் இருக்காங்க, ராமன் பொண்ணும் ஆர்.தான், ராஜு பொண்ணும் ஆர்.தான், ரங்கன் பொண்ணும் ஆர்.தான். பக்கத்து ஹட்டி (இங்க ஊரை அப்படித்தான் சொல்வாங்க) லட்சுமி புது பாஸ்புக் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, அந்த அக்கவுண்ட் நம்பரை இந்த அம்மா பேர்ல ஏத்தி வச்சிருக்காங்க. ஏத்தின பையனைத் திட்டி என்ன ஆகப்போகுது, அவன் பாத்த ஸ்கிரீன்ல ஊர் பேரே இல்ல. பேரை வச்சு ஆளைத் தேடற வழியை அன்னைக்கே எடுத்துட்டோம். இப்ப மெம்பர் நம்பர் போட்டாத்தான் பக்கம் திறக்கும், ஊரும் அப்பா பேரும் பெருசா மேல தெரியும், அக்கவுண்ட்டை மாத்தினா இன்னொருத்தர் பாஸ்புக்கைப் பாத்து சரின்னு சொன்னாத்தான் சேவ் ஆகும்.

இதைவிட கண்ணுக்குத் தெரியாத தப்பு எடை போடற ஷெட்டுல நடக்குது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு உண்டு இல்லையா, ஒரு ஷெட்டுல கழிச்ச எடையை எழுதறாங்க, இன்னொரு ஷெட்டுல கழிக்காம எழுதறாங்க, ரெண்டும் ஆபீஸுக்கு 'எடை'ங்கற ஒரே கட்டத்துலதான் வருது. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் சேத்து மறுபடி கழிப்பாங்க, அப்ப முதல் ஷெட்டு விவசாயிக்கு ரெண்டு தடவை கழிஞ்சு போகுது. யாரும் திருடல, ஆனா காசு போச்சு. மொத்த எடை, கழிவு, நிகர எடைனு மூணு கட்டம் போட்டு அந்த மூணையும் ஷெட்டுலயே எழுத வச்சா இந்தப் பிரச்சனையே வராது.

தப்பைப் பிடிக்க பெரிய மெஷின் ஒண்ணும் வேண்டாம், வேலை தெரிஞ்சவங்க கண்ணு போதும். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை ஆகும்னு பேக்டரியில எல்லாருக்கும் தெரியும், வந்த இலைக்கும் வந்த தூளுக்கும் அந்தக் கணக்கு உதைச்சா அன்னைக்கே ஷெட்டு நோட்டைத் தொறந்து பாக்கணும், மழையில நனைஞ்ச கார்பன் காப்பியில 1 எது 7 எதுன்னு மாச கடைசியில எழுதினவருக்கே தெரியாது.

அப்புறம் எக்ஸல். அக்கவுண்ட் நம்பர் சைபர்ல ஆரம்பிச்சா அந்த சைபரை அதுவே முழுங்கிடும், 15 இலக்கத்துக்கு மேல போனா மிச்சத்தை சைபர் ஆக்கிடும், அந்தக் கட்டத்தை முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்தி வைங்க. பேங்க் கிளையைக் காட்டற ஐஎஃப்எஸ்சி கோடுல அஞ்சாவது இருக்கறது சைபர், அங்க 'ஓ' எழுத்தை அடிக்கறவங்க இன்னும் இருக்காங்க. 2020-ல சில பொதுத்துறை பேங்க்கை ஒண்ணா சேத்ததுக்கப்புறம் பல கிளைக்கு கோடே மாறிடுச்சு, ஏத்தினப்ப சரியா இருந்த டேட்டா சும்மா கெடந்தே தப்பாச்சு. பெரிய எடத்துலயும் இதே கதைதான், இங்கிலாந்துல அதே 2020-ல பழைய எக்ஸல் ஃபைல்ல 65,536 வரிசைக்கு மேல எடம் இல்லாம 15,841 கொரோனா கேஸ் கணக்குல வராமப் போச்சு, அவங்களோட பழகினவங்களைத் தேடறதும் அதனால தள்ளிப்போச்சு.

2023-ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயும் இது இருக்கு, ஒருத்தரைப் பாதிக்கற முடிவை எடுக்க அவர் விவரத்தைப் பயன்படுத்தறதா இருந்தா அது முழுசா, சரியா இருக்கறதைப் பாத்துக்கற பொறுப்பு வச்சிருக்கறவங்களோடது. ஆனா நான் போற எடத்துல எல்லாம் "இந்த மெம்பர் லிஸ்ட்டுக்கு யார் பொறுப்பு"ன்னு கேட்டா ஆளாளுக்கு மூஞ்சியைப் பாத்துக்கறாங்க, கணக்குப்புள்ள சாஃப்ட்வேர்காரரைக் காட்டறார், அவர் ஷெட்டைக் காட்டறார். ஒரே ஒருத்தர் பேரை எழுதி ஒட்டுங்க, அவருக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்கிக் குடுங்க.

அடுத்த பட்டுவாடாவுக்கு முன்னாடி லிஸ்ட்டை அக்கவுண்ட் நம்பர் வரிசையில அடுக்கிப் பாருங்க. ஒரே நம்பர் ரெண்டு மெம்பருக்கு இருந்தா புருஷன் பொண்டாட்டி சேந்து வச்ச அக்கவுண்ட்டாவும் இருக்கலாம், நீங்களா அழிச்சிடாதீங்க, ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டு கேளுங்க.