ஆடிட்டுக்காக மட்டும் ஒரு குழு

பனியன் தொழிற்சாலை ஒன்றில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர் என்ற முறையில், அண்மையில் ஒரு கோப்பைப் பார்க்க நேர்ந்தது. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர் தம் சூப்பர்வைசரின் நடத்தை குறித்து வாய்மொழியாகப் புகார் சொல்லியிருக்கிறார்; அன்றிலிருந்து அவர் பார்த்துக் கொடுத்த பீஸ்களில் மட்டும் குறை மேல் குறை எழுதப்பட்டிருக்கிறது. கோப்பில் இருந்தது ஒரே ஒரு தாள். ‘இரு தரப்பினரும் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொண்டனர்’ என்ற ஒரு வரி, அதன் கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையரின் ஆடிட்டுக்கு, அதாவது தொழிற்சாலைச் சோதனைக்கு, முந்தைய நாள் தேதி. குழு கூடவே இல்லை. அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கம்பெனி வேன் போவதில்லை. விளக்கம் கேட்டபோது மனிதவள அதிகாரி சொன்னார்: “இந்தக் கமிட்டியே பையருக்காக வெச்சிருக்கறதுதானுங்க மேடம்.”

இதே பதிலை வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுச் சலித்துவிட்டேன். பெண்ணுரிமை என்பது ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ எழுதப்பட்டு, ஏற்றுமதி ஆர்டரோடு சேர்ந்து இங்கே இறங்கிய நிபந்தனை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979-இல் ஏற்றது. இந்தியா 1980-இல் கையெழுத்திட்டு, 1993-இல் உறுதிசெய்தது. இப்படிக் கையெழுத்திடுவதாலேயே ஓர் உடன்படிக்கை நம் நாட்டில் சட்டமாகிவிடாது. அதற்கு நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டம் வராத காலத்தில்தான், 1992-இல், ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பெண் ஊழியர் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதன்பின் விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் தொடர்ந்த வழக்கில், வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் இல்லாத வெற்றிடத்தை, நம் அரசியலமைப்பின் 14, 15, 19, 21 ஆகிய பிரிவுகளோடு அந்த உடன்படிக்கையையும் சேர்த்துப் படித்து, உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் நிரப்பியது. புகார்க் குழு, அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் என்பவையெல்லாம் அந்தத் தீர்ப்பில் பிறந்தவை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை விரிவுபடுத்திக் கட்டாயமாக்கியது. ஆக, வயல்வெளிக் கிராமத்து ஊழியர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமைதான் இதன் தொடக்கமே தவிர, எந்த பையரின் விதிமுறைப் புத்தகமும் அல்ல. பையரே இல்லாத ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும், பத்துப் பேர் வேலை செய்தாலே, இது பொருந்தும்.

அதற்காக வெளிநாட்டு ஒத்துழைப்பால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிப்பட்ட ஒத்துழைப்பு என்பதுதான் கேள்வி. ஆடிட்டர் வருவார், நோட்டீஸ் போர்டைப் படமெடுப்பார், மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டுவார், போய்விடுவார். (நான்கு கூட்டங்களின் வருகைக் கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் எங்களுக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாமல் போவதுதான் வியப்பு.) திண்டுக்கல்லில் நடந்தது வேறு. 2021 தொடக்கத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் உரிமை அமைப்புகளோடு கைகோத்துப் போராடி, 2022-இல் தொழிற்சாலை நிர்வாகத்தோடும் அங்கே ஆடை வாங்கிய ஹெச் அண்ட் எம் பிராண்டோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தையல் லைன்களில் இருக்க வேண்டும் என்று முடிவானது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு தன் வணிகத்தின் வழியே நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் முடிவானது. ஆடிட்டில் தொழிலாளி வெறும் பெயர். இங்கே அவருடைய சங்கம் கையெழுத்திட்ட ஒரு தரப்பு. பணியிட வன்முறைக்கு எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கையும் தொழிலாளர்களையும் அவர்களின் பிரதிநிதிகளையும் கலந்தாலோசிக்குமாறு வற்புறுத்துகிறது. இந்தியா அதை உறுதிசெய்யவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

நிர்வாகத்தினருக்குச் சில சொற்கள். சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண் தாமாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் குழுவின் வழியாக மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. விசாரணைக் காலத்தில் இடமாற்றம் வேண்டுமானால் அவர் எழுதிக் கேட்க வேண்டும். நீங்களாக மாற்றினால் தண்டிக்கப்படுபவர் புகார் சொன்னவரே. விசாரணையைத் தொண்ணூறு நாட்களுக்குள் முடியுங்கள். குழுவே அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது?’ என்று முதல் கூட்டத்திலேயே கேட்கும் மேலாளர்களுக்கு: நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது, அதையும் படியுங்கள்.

வேலை செய்யும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். புகார் கொடுக்கக் காலவரம்பு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. எதில் கையெழுத்துக் கேட்டாலும் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள், தராவிட்டால் கையெழுத்திடாதீர்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை என்றாலும், வீட்டு வேலை என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ விசாரிக்கலாம். வழி தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். ஆடிட் முடியட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். காலவரம்பு சம்பவம் நடந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.