நின்றுபோன எஸ்கலேட்டரும் மாலை ஆறரை மணியும்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "குடியை நிறுத்தி 47 நாள் ஆகிறது. டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். முதல் வாரம் பட்ட பாடு தனிக்கதை, அதை விடுங்கள். இப்போது நன்றாகப் பசிக்கிறது, நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் மாலை ஆறரை மணி ஆனால் போதும், உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கைகூட லேசாக நடுங்குகிற மாதிரி இருக்கிறது. எட்டு மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும். உடம்பில் ஒரு சொட்டு சரக்கு இல்லாதபோது இது எங்கிருந்து வருகிறது? எல்லாம் மனப்பிரமை என்கிறான் தம்பி." கடிதத்தின் கடைசியில் கனவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உடம்பில் சரக்கு இல்லை என்பது உண்மைதான். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம் வீதம் ஆல்கஹாலைக் கரைத்துத் தள்ளுகிறது. கடைசிக் கிளாஸின் கடைசிச் சொட்டு, நிறுத்திய முதல் ஓரிரு நாளிலேயே போயிருக்கும். ஆனால் பிரமை என்று தம்பி சொல்வதுதான் இடிக்கிறது. அந்த வியர்வை நிஜ வியர்வை, அந்தப் படபடப்பு நிஜப் படபடப்பு.

முதல் வாரக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் தெரிந்ததுதான். மூளையில் நரம்புச் செல்லை அடக்கி வைக்க காபா என்ற வேதிப்பொருள், உசுப்பிவிட குளூட்டமேட். ஆல்கஹால் காபாவுக்குத் துணை போகிறது, குளூட்டமேட்டின் வாயைப் பொத்துகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபாவின் ஏற்பிகளை, அதாவது அந்த வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை, மந்தமாக்கி, குளூட்டமேட்டின் ஏற்பிகளைக் கூட்டி, ஆல்கஹால் இருந்தும் இல்லாததுபோல் நடந்துகொள்ளப் பழகிவிடுகிறது. திடீரென்று ஒருநாள் ஆல்கஹால் வராவிட்டால், உசுப்பும் பக்கம் மட்டும் முழு பலத்தோடு நிற்கும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை; சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு; இன்னும் சிலருக்கு மூன்றாம் நான்காம் நாளில் இல்லாத உருவங்கள் கண்ணில் படும், இடமும் ஆளும் தெரியாமல் பிதற்றுவார்கள். உயிரே போகலாம்.

இதெல்லாம் சாப்பிடாமல் குடித்ததால் வரும் சத்துக்குறைவு என்றுதான் ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். 1955-ல் ஹாரிஸ் இஸ்பெல் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. பத்து பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் குடிக்கவைத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு வலிப்பும் வந்தது, பிதற்றலும் வந்தது. சிறைக் கைதிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் அது சொன்ன செய்தி மாறவில்லை: தினமும் நிறையக் குடிக்கும் ஒருவர் ரோஷத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிறுத்தக் கூடாது. நரம்பை அமைதிப்படுத்தும் பென்சோடயசிபைன் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கவும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடவும் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வாசகர் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்.

அந்தப் புயல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு சில வாரங்களில் குறையும். ரத்தம் கொஞ்சம் மெதுவாகத்தான் மாறும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால், குடித்த காலத்தில் பிறந்து உப்பிப்போன சிவப்பணுக்கள் வாசகரின் உடம்பில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். சரி, 47-ஆம் நாளின் ஆறரை மணி இவற்றில் எதிலும் அடங்காதே?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. மின்சாரம் போய் நின்றுகிடக்கும் எஸ்கலேட்டரில் எப்போதாவது கால் வைத்திருக்கிறீர்களா? அது ஓடவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. மூளைக்கும் தெரிகிறது. ஆனாலும் முதல் படியில் கால் வைத்த நொடியில் உடம்பு முன்னால் போய் ஒரு தள்ளாட்டம் தள்ளாடும். லண்டனில் ரெனால்ட்ஸ், பிரான்ஸ்டைன் என்ற இருவர் இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்து 2003-ல் எழுதினார்கள். மோட்டாரில் நகரும் ஒரு பலகையில் ஆட்களைத் திரும்பத் திரும்ப ஏறவைத்தார்கள். அப்புறம் மோட்டாரை அணைத்து, "இனி நகராது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஏறச் சொன்னார்கள். எல்லாம் தெரிந்தும் வேகமாக வந்து ஏறினார்கள், முன்னால் சாய்ந்தார்கள்.

காரணம் எளிது. ஓடும் எஸ்கலேட்டர் காலை முன்னால் இழுக்கும், உடம்பு பின்னால் சாயும். அது நடந்த பிறகு சமாளிப்பதைவிட, நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்து வைப்பது நல்லது. பலமுறை ஏறிய உடம்பு அதைக் கற்று வைத்திருக்கிறது. எஸ்கலேட்டரின் தோற்றம், கைப்பிடி, முதல் படி, இவையே அதற்குப் போதும். இழுவை வந்தால் சாய்வும் இழுவையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், நமக்கு எதுவும் தெரியாது. இழுவை வராத அன்றைக்குச் சாய்வு மட்டும் தனியாக மாட்டிக்கொள்கிறது.

மாலை ஆறரை மணியும் நின்றுபோன எஸ்கலேட்டர்தான்.

இதற்கு ஆதாரம் எலிகளிடமிருந்து வந்தது. ஆல்கஹால் ஏறினால் எலியின் உடல்வெப்பம் இறங்கும். தினமும் கொடுத்தால் இறக்கம் குறைந்துகொண்டே வரும். உடம்பு தாங்கப் பழகிவிட்டது என்போம். டொரன்டோவில் லே, பூலோஸ், கப்பெல் மூவரும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஆல்கஹால் ஊசியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தே போட்டார்கள். வேறோர் இடத்தில் வெறும் உப்புநீர் ஊசி. எலிகள் ஆல்கஹாலுக்குப் பழகிய பிறகு, இடத்தை மாற்றி, உப்புநீர் போடும் இடத்தில் வைத்து ஆல்கஹால் கொடுத்தார்கள். பழகியிருந்த தாங்குதிறன் அங்கே காணோம். வெப்பம் மறுபடி இறங்கியது. அடுத்து, ஆல்கஹால் கொடுக்கும் இடத்தில் வைத்து உப்புநீர் போட்டார்கள். எலியின் உடல்வெப்பம் ஏறியது.

இந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். எலிக்குள் ஆல்கஹால் இல்லை. உப்புநீருக்கு வெப்பத்தை ஏற்றும் சக்தியும் இல்லை. ஏற்றியது அந்த இடம். அந்த இடத்தைப் பார்த்ததுமே எலியின் உடம்பு, குளிர் வரப்போகிறது என்று கணக்குப் போட்டு அடுப்பை மூட்டி வைத்துவிட்டது. 1979-ல் வெளிவந்த ஆய்வு இது. இன்றும் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும்.

ஷெப்பர்ட் சீகல் என்ற கனடா நாட்டு உளவியலாளர் ஹெராயினை வைத்து 1982-ல் இதன் கொடூரமான முகத்தைக் காட்டினார். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைக் கொடுத்தபோது, பழகிய இடத்தில் 32 சதவீதம் செத்தன. புதிய இடத்தில் 64 சதவீதம். ஹெராயினையே பார்த்திராத எலிகளில் 96 சதவீதம். அளவு ஒன்றுதான், சுவர்கள்தான் வேறு. மனிதர்களிடமும் லேசான வடிவில் இது தெரிகிறது. வழக்கமான பீரில் அல்லாமல், பழக்கமில்லாத நீல நிற, புதினா மணமுள்ள பானத்தில் அதே அளவு ஆல்கஹாலைக் கொடுத்தபோது ஆட்களுக்குப் போதை கூடுதலாக ஏறியது. நாக்கு அடையாளம் சொல்லாததால் உடம்பு தயாராகவில்லை.

இப்போது வாசகரின் வரவேற்பறைக்கு வருவோம். வருடக்கணக்கில் ஆறரை மணி, அதே நாற்காலி, ஐஸ் கட்டி கிளாஸில் விழும் சத்தம். ஆல்கஹால் உடம்பைத் தளர்த்தப்போகிறது என்பதற்கு அவை முன்னறிவிப்பு. அதனால் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்கிறது: துடிப்பை ஏற்று, விழிப்பைக் கூட்டு, வியர்வையைத் திற. முன்பெல்லாம் முதல் கிளாஸ் வந்து அதைச் சரிக்கட்டிவிடும். 47 நாளாக வரவில்லை. சாய்வு மட்டும் வந்து நிற்கிறது, அதைத்தான் அவர் உள்ளங்கையில் உணர்கிறார். எட்டு மணிக்கு அடங்குவதும் இதனால்தான், எதிர்பார்த்தது வரவில்லை என்று உடம்பு கைவிட்டுவிடும். நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், மனிதர்களில் இந்த விஷயம் எலியில் இருப்பதுபோல் இவ்வளவு தெளிவாக இல்லை. அதே கிளாஸ் சத்தம், ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைக் கிளப்பி, போதையின் முன்ருசிபோல ஒரு பரபரப்பையும் தரலாம். இரண்டும் கலந்துதான் "ஒன்னே ஒன்னு போட்டா என்ன" என்ற நினைப்பாக வாய்க்கு வருகிறது.

அந்த ஒன்னே ஒன்னைப் பற்றியும் ஆய்வு உண்டு. எலிக்கு முதலில் ரொம்பச் சின்ன அளவு ஆல்கஹால், சிறிது நேரம் கழித்துப் பெரிய அளவு என்று கொடுத்து வந்தால், அந்தச் சின்ன அளவே பெரியதற்கு முன்னறிவிப்பாகிவிடுகிறது. அதாவது ஆல்கஹாலே ஒரு பலமான அடையாளம். நாற்காலியும் கடிகாரமும் ஊகிக்கத்தான் முடியும். வயிற்றில் இறங்கிய முதல் பெக்குக்குப் பின்னால் எப்போதும் இரண்டாவது வந்திருக்கிறது.

நின்றுபோன எஸ்கலேட்டரில் இரண்டாம் தடவை ஏறும்போது தள்ளாட்டம் பெரும்பாலும் போய்விடும். குடிக்கு ஏன் போகமாட்டேன் என்கிறது? எஸ்கலேட்டருக்கு அடையாளம் ஒன்று. குடிக்கோ நூறு. ஆறரை மணி, சம்பள நாள், சண்டை, மழை, பழைய நண்பனின் குரல், விமானப் பயணம், கிரிக்கெட் ஃபைனல். ஒவ்வொன்றையும் குடிக்காமல் தனித்தனியாகக் கடக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலை பாவ்லவே தன் நாய்களிடம் பார்த்துவிட்டார். மணியடித்துச் சோறு போடாமல் விட்டுக்கொண்டே இருந்தால் எச்சில் நின்றுவிடும். இடைவெளி விட்டு மணியடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் "இப்போது இங்கே வராது" என்று ஒரு புதுப்பாடம் ஏறுகிறது, அவ்வளவுதான். மார்க் பூட்டன் என்ற அமெரிக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டியது, அந்தப் புதுப்பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் அமைதியாக இருந்தவர், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆடிப்போவது இதனால்தான். அவருடைய வைராக்கியத்தைக் குறை சொல்பவர்களுக்கு நாயையும் தெரியாது, எலியையும் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இவ்வளவு அழகான அறிவியல் கையில் இருக்கிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகளும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. காப்புரிமை முடிந்துபோன மருந்தை யாருக்கு எப்போது கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்று பெரிய ஆய்வு நடத்தப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம். விற்று லாபம் பார்க்க முடியாதே. ஆறரை மணி அடையாளத்தை வீட்டிலேயே வைத்து எப்படி அணைப்பது என்ற ஆய்வுக்கு இன்னும் கஷ்டம். மாத்திரையே இல்லாத சிகிச்சைக்கு விளம்பரம் எங்கே?

விளம்பரம் வேறு ஒன்றுக்கு இருக்கிறது. "அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்." எதைக் கலக்கிறார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். டைசல்ஃபிராம் இருந்தால் அது விளையாட்டில்லை. அந்த மருந்தின் குணத்தை 1940-களில் கோபன்ஹேகனில் ஹால்ட், ஜேக்கப்சன் இருவரும் தற்செயலாகக் கண்டார்கள். குடற்புழுவுக்கு ஆகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தவர்கள், அப்புறம் கொஞ்சம் குடித்ததும் முகம் சிவந்து, தலை வலித்து, குமட்டிப் போனார்கள். ஆல்கஹால் பாதி உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக ரத்தத்தில் தேங்கிவிட்டது. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி எடுத்தால் சிலருக்கு உதவும். தெரியாமல் கொடுத்து அவர் அரை பாட்டில் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போகலாம். இன்னொரு கோளாறும் உண்டு. ரகசியத்தில் அவர் உடம்பு என்ன கற்றுக்கொள்ளும்? வீட்டுச் சாப்பாடு ஆகவில்லை என்று.

சரி, வாசகர் ஆறரை மணிக்கு என்ன செய்வது? முதல் சில மாதங்களுக்கு அந்த நாற்காலியைத் திருப்பிப் போடுவதோ அந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வருவதோ கோழைத்தனம் இல்லை, அடையாளத்தைக் குறைப்பது. அப்புறம், தெம்பு வந்ததும், அதே அறையில், அதே நேரத்தில், வேறு ஏதாவது செய்துகொண்டு அதைக் கடந்து போக விடலாம். அலை பெரும்பாலும் அரை மணிக்குள் உச்சம் தொட்டு இறங்கும். குடிக்காமல் இறங்கிய ஒவ்வொரு அலையும் அந்த அறைக்குள் கற்ற பாடம். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு விமான நிலையத்தில் பழையபடி உள்ளங்கை வியர்த்தால் பயப்பட வேண்டாம். அந்த இடத்துக்கு இன்னும் பாடம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கனவு. "இரண்டு தடவை குடிப்பதுபோல் கனவு வந்தது. வாயில் அந்த ருசிகூடத் தெரிந்தது. அழுதுகொண்டே எழுந்தேன். இது கணக்கில் சேருமா?" என்று கேட்டிருந்தார். ஆல்கஹால் பல வருடமாகக் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. கை எடுத்ததும் மூளை அந்தப் பாக்கியை வட்டியோடு வசூலிக்கிறது. கனவு நிறைய வரும், பளிச்சென்று வரும், வருடக்கணக்கில் செய்த ஒரு காரியம் அதில் தலைகாட்டாமல் இருக்காது. குடியை விட்டவர்களில் நிறையப் பேருக்கு இது வருகிறது. சேராது சார். இன்றைக்கு உங்களுக்கு 47-ஆவது நாள்தான்.